மறு: மரை போனதற்கு ஒரு சொல், தலை போனதற்கு வேறு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். நம் அகராதிக்குப் பட்டறைச் சொற்கள் தேடும் விவாதத்துக்கு என் பதில் இது. மரை என்று நான் சொல்வது போல்ட்டிலும் அது இறங்கும் துளையிலும் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் வரியை.

> போல்ட் பழுதானால் ஆங்கிலத்தில் ‘ஸ்டிரிப்டு’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். நாமும் ‘உரிமரை’ என்று வைத்துவிட்டால் என்ன?

ஐயா, சொல் சிறியதுதான், ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆங்கிலச் சொல் இரண்டு வெவ்வேறு பழுதுகளை ஒரே மூட்டையில் கட்டுகிறது. நம் பட்டறைகளில் அந்த மூட்டை இல்லை. போன மாதம் கீழக்கரையில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி கார் எங்களிடம் இன்னும் இருக்கிறது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிய ஆரம்பித்ததால் மாற்றக் கொடுத்தோம். அரைநாள் வேலை என்று நினைத்தது நான்கு நாள் ஆனது. இந்தக் கரையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகத்தை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில்தான் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அங்கே தகடுகளுக்கு நடப்பது எங்கள் வீட்டு வாசலில் வண்டிக்கு நடந்திருக்கிறது. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவில் அந்த இடம் ஏது? இறுகிப் போய்விடும்.

முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததுமே சுற்றிக்கொண்டது. போல்ட் அசையவில்லை. பட்டறைக்காரர், நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுவோம், குனிந்து பார்த்துவிட்டு “தலை மழுங்கிருச்சு” என்றார். ஆறு முனையும் தேய்ந்து வட்டமாகிவிட்டது. இனி பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் பிடிக்காது. ஆறு பட்டை சாக்கெட்டைத் தட்டி ஏற்ற வேண்டும், அதுவும் வழுக்கினால் தலைமேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் அடித்துத் திருக வேண்டும். வெல்ட் சூடே பாதித் துருவை விடுவித்துவிடும். ரப்பர் புஷ் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஈரத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் நட்டை வெல்ட் அடித்துத்தான் எடுத்தார்.

எதிர்ப் பக்கத்துப் போல்ட் எளிதாகச் சுழன்றது. எனக்கு மகிழ்ச்சி. காக்கா முகம் மட்டும் சுருங்கியது. “சுத்துது, வெளிய வரல பாருங்க. மரை வழுக்கிருச்சு.” இழுத்து எடுத்தபோது துளைக்குள் இருந்த மரையெல்லாம் இரும்புச் சீவலாகப் போல்ட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. முன்பு எப்போதோ யாரோ போல்ட்டைக் கோணலாக ஏற்றி முறுக்கியிருக்கிறார்கள்.

முதல் பழுதில் துளை நன்றாக இருக்கிறது, போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். இரண்டாவதில் புதுப் போல்ட் போட்டாலும் பயனில்லை, துளைக்குத்தான் வைத்தியம். இரண்டுக்கும் ‘உரிமரை’ என்று எழுதினால் படிக்கும் பையன் எதைச் சரிசெய்வான்? காக்காவின் வாயில் இரண்டு சொல்லும் பிரிந்தே இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் செதுக்கினால் போதும்.

துளைப் பழுதுக்கு வழுமரை என்று முன்வைக்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வழு என்பதற்கு வழுவுதலும் உண்டு, குற்றமும் உண்டு, எப்படிப் பிரித்தாலும் பொருந்தும். தலைப் பழுதுக்கு மழுங்குதலை. ‘உருள்தலை’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். தலை உருளும் என்றால் தமிழில் யாரோ மாட்டப்போகிறார்கள் என்றுதான் காதில் விழும். கத்தியும் உளியும் மழுங்குவதை எல்லோரும் அறிவோம்.

> மரைக்குப் பதில் ‘புரி’ என்பதே செந்தமிழ் அல்லவா?

கடலில்லாத ஊரில் இருந்தால் நானும் யோசித்திருப்பேன். இங்கே புரி கயிற்றுக்குச் சொந்தம். பாம்பனிலோ தொண்டியிலோ படகில் போகிறவரிடம் “புரி போச்சு” என்றால் நங்கூரக் கயிற்றைத் தேடிப் போவார். மரை இருக்கட்டும். ‘மரை கழன்றவன்’ என்று வசவில்கூட ஏறிவிட்ட சொல்லை எதற்கு மாற்ற வேண்டும்?

அடுத்து, வழுக்கிய துளையைச் சரிசெய்ய அதற்குள் வைக்கும் பொருளுக்கு ஒரு பெயர். இதற்குத்தான் உங்கள் கருத்து மிகவும் வேண்டும். காக்கா செய்தது இது: எங்கள் போல்ட் 10 மி.மீ., மரைக்கு மரை 1.25 மி.மீ. வழுக்கிய துளையைச் சுமார் 10.3 மி.மீ. அளவுக்கு டிரில் செய்தார். அதற்கென்றே வரும் பெரிய டேப்பால் புது மரை வெட்டினார். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் சுற்றிய 15 மி.மீ. நீளச் சுருளை அதில் திருகி இறக்கி, அடியில் இருந்த சிறு கொக்கியைத் தட்டி ஒடித்தார். சுருளின் வெளிப்பக்கம் புது மரையைப் பிடிக்கிறது, உட்பக்கம் பழைய 10 மி.மீ. போல்ட்டையே வாங்கிக்கொள்கிறது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காத எஃகும் சாதா இரும்பும் சேர்ந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும் என்பதால் கிரீஸ் தாராளமாகத் தடவினார். தலையில் 8.8 என்று வலிமை எண் பொறித்த போல்ட்டைத்தான் திரும்பப் போட்டார். எண் இல்லாத போல்ட்டை சஸ்பென்ஷனில் போடவே கூடாது என்பது அவர் பிடிவாதம், என்னுடையதும்.

> ‘மரைச்சுருள்’ என்றால் விளங்கும்.

கம்பிச் சுருளுக்கு விளங்கும். லேத்தில் கடைந்து உள்ளும் புறமும் மரை வெட்டிய குழாய்த்துண்டையும் இதே வேலைக்கு வைக்கிறார்கள், “புஷ் போடுறது” என்பார்கள். அதில் சுருள் ஏது? இரண்டையும் அடக்கும் பொதுச்சொல் வேண்டும். அம்மாவின் தோட்டில் திருகாணி நிற்காமல் போனபோது ஆசாரி சொன்னது நினைவுக்கு வந்தது: “தண்டு நல்லாத்தான் இருக்கு தாயி, சுரையை மாத்தினாப் போதும்.” ஆணியை வாங்கிக்கொள்ளும் உள்துளை சுரை. நமக்கு வேண்டியதும் அதுதான். எனவே பொதுவில் மரைச்சுரை, கம்பியில் சுற்றியது சுருள்சுரை, கடைந்தது குழாய்ச்சுரை. ‘சுருட்சுரை’ என்று திரிய வேண்டாமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்பார்கள். இது அல்வழி, அதாவது வேற்றுமைப் பொருளில் சேராத சொற்சேர்க்கை, திரிந்தும் வரலாம், இயல்பாகவும் வரலாம். திரியாத வடிவமே கண்ணுக்கு உடனே பிடிபடுகிறது.

சொல்லோடு ஓர் எச்சரிக்கையும் அகராதிப் பதிவில் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுரை போட்டால் எல்லாம் சரியாகிவிடாது. பத்மினியில் சக்கரத்தைப் பிடிப்பது ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், நேராக இறங்கும் போல்ட்கள். அந்தத் துளை வழுமரை ஆனால் சுரை தேடாமல் ஹப்பையே மாற்றுங்கள். துளையைச் சுற்றி உலோகம் மெலிந்திருந்தாலும் அப்படித்தான்.

போல்ட் துளைக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிடுவதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்று பட்டியலில் இருக்கிறது. “உள்ளேயே ஒடிஞ்சிருச்சு” என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. அதற்குத் தனியாக ஒரு பெயர்ச்சொல் கட்ட எனக்கு மனம் வரவில்லை. விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவர்கள் வேறு ஏதாவது சொல்கிறார்களா என்று மண்டபம், தேவிபட்டினம் பக்கம் உள்ள நண்பர்கள் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கீழக்கரையிலிருந்து