குரோமை மூடின பிறகும் வலது மூலையில் 'வைரஸ்' எச்சரிக்கை வருது, உதவி தேவை

மண்பானை:
எல்லோருக்கும் வணக்கம். மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஹோம், பிரௌசர் குரோம். ஒரு வாரமாகத் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. "கணினியில் 5 வைரஸ் உள்ளது", "ஆன்டிவைரஸ் சந்தா இன்றோடு முடிகிறது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மணிக்குப் பத்து, பன்னிரண்டு முறையாவது வரும். குரோமை மூடிவிட்டு வேர்டில் வேலை செய்தாலும் வருகிறது.

செய்து பார்த்தவை: பாப்-அப் பிளாக்கர் ஆனில்தான் இருக்கிறது. விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் (பிரௌசரில் சேர்க்கும் துணை நிரல்) போட்டேன். கேஷ், ஹிஸ்டரி அழித்தேன். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஓட்டினேன், ஒன்றும் சிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை. முகவரிப் பட்டையில் எதைத் தேடினாலும் கேள்விப்படாத ஏதோ ஒரு பக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் முடிவு வருகிறது. விண்டோஸையே அழித்துப் போட வேண்டியதுதானா?

ஒற்றைப்பனை:
நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் போடுங்கள் சார், சரியாகிவிடும்.

தாழ்ப்பாள்:
அவசரப்பட வேண்டாம். இதற்குக் காசும் வேண்டாம், விண்டோஸை அழிக்கவும் வேண்டாம். டிஃபெண்டர் ஒன்றும் பிடிக்காததற்குக் காரணம், இந்தப் பெட்டிக்குப் பின்னால் பிடிக்கக் கோப்பு எதுவும் இல்லை என்பதுதான்.

மூலையில் வருவது பாப்-அப் அல்ல, நோட்டிஃபிகேஷன். பாப்-அப் என்பது ஒரு தளம் திறக்கிற புது ஜன்னல் அல்லது டேப். அதைத்தான் பிளாக்கர் தடுக்கும். நோட்டிஃபிகேஷனைக் காட்டுவது விண்டோஸ். வலைத்தளங்கள் இப்படி அறிவிப்பு அனுப்பும் வசதி குரோமில் 2015-லேயே வந்துவிட்டது. எங்கேயோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலௌ அழுத்துங்கள்" என்றோ "வீடியோ பார்க்க அலௌ அழுத்துங்கள்" என்றோ கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்த ஒரு சொடுக்குதான் அனுமதி. அதன் பிறகு அந்தத் தளத்தைத் திறக்கவே தேவையில்லை, அவர்கள் சர்வரிலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கலாம். கேஷையும் ஹிஸ்டரியையும் எத்தனை முறை அழித்தாலும் இந்த அனுமதி அப்படியேதான் இருக்கும்.

உறுதிப்படுத்த, அடுத்த முறை பெட்டி வரும்போது எழுத்தைப் படிக்காமல் 'கூகுள் குரோம்' என்ற பெயரையும் அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தளத்தின் பெயரையும் பாருங்கள். ஆன்டிவைரஸின் லோகோ பெரிதாக இருக்கும், ஆனால் அனுப்பியது சம்பந்தமே இல்லாத ஒரு டொமைனாக (வலைத்தளப் பெயராக) இருக்கும்.

நீக்கும் வழி: குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. கீழே 'அலௌட் டு செண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் தெரியாத பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று புள்ளியைத் தட்டி 'ரிமூவ்' கொடுங்கள்.

குரோமை மூடின பிறகும் ஏன் வருகிறது என்றால், செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில் 'கன்டின்யூ ரன்னிங் பேக்ரவுண்ட் ஆப்ஸ் வென் கூகுள் குரோம் இஸ் க்ளோஸ்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஜன்னலை மூடினாலும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அணைத்துவிடுங்கள்.

கல்திண்ணை:
தாழ்ப்பாள் சொன்னது சரி, ஒரே ஒரு திருத்தம். 'ரிமூவ்' வேண்டாம், 'பிளாக்' கொடுங்கள். ரிமூவ் என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது மட்டும்தான், அதே தளம் மறுபடி அனுமதி கேட்கலாம். பிளாக் கொடுத்தால் கேட்கவே முடியாது.

அனுமதி முன்னொட்டோடு சேர்ந்த முழுத் தளப் பெயருக்குத்தான் தரப்படுகிறது, டொமைன் மொத்தத்துக்கும் அல்ல. இந்த ஆட்கள் ஒரே டொமைனின் முன்னால் ஏ1, ஏ2, ஏ3 என்று ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அதனால் பட்டியலில் ஒரே பெயர் நாலைந்து உருவத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு "இன்னும் வருதே" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். கடைசி வரி வரைக்கும் உருட்டிப் பாருங்கள்.

பெட்டிக்குள்ளேயே 'க்ளோஸ்', 'டிஸ்மிஸ்' என்று பொத்தான் இருந்தால் தொடாதீர்கள். நோட்டிஃபிகேஷனில் இரண்டு பொத்தான் வரைக்கும் அனுப்புகிற தளமே வைத்துக்கொள்ளலாம், என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். 'க்ளோஸ்' என்று எழுதியிருப்பதை அழுத்தினால் அவர்கள் பக்கம் திறக்கும். பெட்டியின் மேல் ஓரத்தில் விண்டோஸ் வைத்திருக்கும் பெருக்கல் குறி மட்டுமே உண்மையான மூடு பொத்தான்.

அதே நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் மேலேயே 'டோன்ட் அலௌ சைட்ஸ் டு செண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' இருக்கிறது. வலைத்தள அறிவிப்பே வேண்டாம் என்றால் அதையே போட்டுவிடுங்கள், இனி யாரும் கேட்கவே மாட்டார்கள். மின்னஞ்சல், காலண்டர் அறிவிப்பு தேவைப்படுகிறவர்கள் அவற்றை மட்டும் அலௌ பட்டியலில் கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

மண்பானை:
மிக்க நன்றி. பட்டியலில் பதினொன்று இருந்தது, அதில் ஏழு ஒரே டொமைனின் வெவ்வேறு உருவம்! எல்லாவற்றையும் பிளாக் செய்தேன். மூன்று மணி நேரமாகப் பெட்டி வரவில்லை.

ஆனால் தேடல் பிரச்சினை அப்படியே இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் பிடிஎஃப் மாற்றுவதற்கு என்று ஒன்று இருக்கிறது, யார் போட்டது என்று தெரியவில்லை. அதற்கு மட்டும் 'ரிமூவ்' பொத்தானே இல்லை. குரோம் மெனுவின் அடியில் 'மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று வருகிறது. இது வீட்டுக் கணினி, எந்த ஆர்கனைசேஷனும் இல்லை.

ஒற்றைப்பனை:
குரோம் செட்டிங்ஸிலேயே 'க்ளீன் அப் கம்ப்யூட்டர்' இருக்குமே, அதை ஓட்டலாமே?

கல்திண்ணை:
அது இப்போது இல்லை. 2023 மார்ச்சில் குரோம் 111-ஓடு எடுத்துவிட்டார்கள். பழைய குறிப்புகள் பலவற்றில் இன்னும் அந்த வழியே இருப்பதால் நிறைய பேர் தேடித் தேடிச் சலித்துப்போகிறார்கள்.

தாழ்ப்பாள்:
மண்பானை, உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனி நோய். முதலாவது அனுமதி. இரண்டாவது நிஜமாகவே உள்ளே புகுந்த ஒன்று, இதற்குக் கொஞ்சம் கை வேலை இருக்கிறது.

அலுவலகங்களில் ஊழியர் கணினியில் ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாகப் போட 'பாலிசி' என்ற வசதி உண்டு. இலவச மென்பொருளோடு ஒட்டி வருகிற ஆட்வேர் (விளம்பரம் திணிக்கும் மென்பொருள்) அந்த வசதியைத் திருடிப் பயன்படுத்துகிறது. அதனால்தான் ரிமூவ் பொத்தான் இல்லை. அலுவலகம் கொடுத்த கணினியில் இதே வாசகம் வந்தால் அது இயல்பு, அங்கே கீழே சொல்வதைச் செய்யாதீர்கள், ஐடி ஆட்களிடம் விட்டுவிடுங்கள். சில ஆன்டிவைரஸ்களும் பாலிசி வைக்கும், ஆகவே அந்த வாசகத்தைப் பார்த்த உடனேயே பயப்பட வேண்டியதில்லை.

முதலில் குரோமின் சிங்க்கை (கூகுள் கணக்கோடு ஒத்திசைவதை) அணையுங்கள். இல்லாவிட்டால் நீக்கின எக்ஸ்டென்ஷன் உங்கள் கூகுள் கணக்கு வழியாகத் திரும்ப இறங்கலாம்.

அடுத்து முகவரிப் பட்டையில் குரோம்://எக்ஸ்டென்ஷன்ஸ் (ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்) திறந்து 'டெவலப்பர் மோட்' போடுங்கள். அந்த எக்ஸ்டென்ஷனின் ஐடி தெரியும், 32 எழுத்து இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குரோம்://பாலிசி திறங்கள். 'எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற வரியில் அதே ஐடி இருந்தால் ஆள் கிடைத்துவிட்டான்.

இந்தப் பாலிசி இருப்பது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்). ஆனால் அதில் கை வைப்பதற்கு முன்னால் அந்தப் பாலிசியைத் திரும்பத் திரும்ப எழுதுகிற நிரலை எடுக்க வேண்டும். பலர் தோற்பது இந்த வரிசையை மாற்றுவதால்தான். விண்டோஸ் செட்டிங்ஸ், 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' போய்த் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கின நாளுக்கு அக்கம்பக்கத்தில் வந்த அறியாத மென்பொருளை நீக்குங்கள். பிறகு 'டாஸ்க் ஷெட்யூலர்' (நேரம் வைத்து வேலைகளைத் தானே ஓட்டும் விண்டோஸ் கருவி) திறந்து, 'டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி'யில் பவர்ஷெல்லையோ (விண்டோஸின் கட்டளைக் கருவி), ஆப்டேட்டா கோப்புறையில் கிடக்கும் ஏதோ ஒன்றையோ ஓட்டுகிற வேலை இருக்கிறதா என்று 'ஆக்ஷன்ஸ்' டேபில் பாருங்கள். சந்தேகம் என்றால் உடனே அழிக்காமல் 'டிசேபிள்' செய்து வையுங்கள்.

இனி ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட். ஹெச்கீலோக்கல்மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம். அந்தக் குரோம் கோப்புறையில் வலது சொடுக்கி முதலில் 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரு நகல் வையுங்கள். பிறகு ஃபோர்ஸ்லிஸ்ட்டில் அந்த ஐடி உள்ள வரியை நீக்குங்கள். ஹெச்கீகரன்ட்யூசரிலும் இதே பாதையைப் பாருங்கள். குரோம்://பாலிசியில் 'ரீலோட் பாலிசீஸ்' அழுத்தினால் எக்ஸ்டென்ஷன் காணாமல் போகும், அல்லது ரிமூவ் பொத்தான் வந்துவிடும்.

எட்ஜும் வைத்திருந்தால் பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், எட்ஜ் என்ற இடத்தையும் பார்த்துவிடுங்கள். இந்த வகை ஒரு பிரௌசரோடு நிற்பது குறைவு.

மின்கம்பி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆண்ட்ராய்டு போனில் தொல்லை. குரோமைத் திறக்காமலேயே, பூட்டை நீக்கின உடனே முழுத்திரை விளம்பரம் வருகிறது. நோட்டிஃபிகேஷன் பட்டியலில் ஒன்றும் இல்லை.

கல்திண்ணை:
அது பிரௌசரே இல்லை, ஏதோ ஒரு ஆப். விளம்பரம் திரையில் இருக்கும்போதே, திறந்திருக்கும் ஆப்களைக் காட்டும் ரீசன்ட்ஸ் பொத்தானைத் தட்டுங்கள். எந்த ஆப்பின் அட்டை மேலே இருக்கிறதோ அதுதான் ஆள். சில ஆப்கள் பெயரும் ஐகானும் வெறுமையாக வைத்து ஒளிந்துகொள்ளும். அப்போது செட்டிங்ஸில் 'ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்', 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்' பாருங்கள், சாம்சங்கில் 'அப்பியர் ஆன் டாப்' என்று இருக்கும். டார்ச்சுக்கும் வால்பேப்பருக்கும் கியூஆர் ஸ்கேனருக்கும் அந்த அனுமதி எதற்கு? அங்கிருந்தே கண்டுபிடித்து நீக்கலாம்.

அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கலாக இருந்தால் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' பட்டியலில் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். நீக்க விடாமல் விளம்பரம் குறுக்கே வந்தால் சேஃப் மோடில் போங்கள். பல போன்களில் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்'பை நீண்ட நேரம் அழுத்தினால் கேட்கும். அங்கே நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாது, ஆனால் நீக்க முடியும்.

தாழ்ப்பாள்:
ஐபோன்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: "உங்கள் போனில் வைரஸ்" என்று வரிசையாக நினைவூட்டல் வருவது பெரும்பாலும் காலண்டர் சந்தா. காலண்டர் ஆப்பில் 'காலண்டர்ஸ்' போய், தெரியாத காலண்டரின் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தட்டிச் சந்தாவை நீக்குங்கள். நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தால் தீராது.

மண்பானை:
தாழ்ப்பாள் சொன்னபடி செய்தேன். ஐடி ஃபோர்ஸ்லிஸ்ட்டில் இருந்தது, நீக்கினேன், எக்ஸ்டென்ஷன் போனது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் அந்த வரி திரும்பவும் முளைத்துவிட்டது. டாஸ்க் ஷெட்யூலரில் சந்தேகமாக இருந்த ஒன்றை டிசேபிள் செய்தாயிற்று.

தாழ்ப்பாள்:
அப்படியானால் ரெஜிஸ்ட்ரிக்கு மேலே, லோக்கல் குரூப் பாலிசி கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, அதற்குள் 'குரூப்பாலிசி' என்று ஒரு மறைவுக் கோப்புறை. அதில் 'மெஷின்' உள்ளே 'ரெஜிஸ்ட்ரி.பால்' என்ற கோப்பு. ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் இருக்காது, ஆனால் இந்தக் கோப்பை விண்டோஸ் படிக்கும். அதனால்தான் பலர் கண்ணில் இது படுவதில்லை. நீங்களே பாலிசி எதுவும் அமைக்கவில்லை என்றால் குரூப்பாலிசி கோப்புறையின் பெயரை மாற்றி வையுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் ஓட்டுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரி வரியை இன்னொரு முறை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆட்வேரை நீக்கும் ஆட்வ்கிளீனர் என்ற கருவியை ஒரு முறை ஓட்டுங்கள். இலவசம், நிறுவவே தேவையில்லை. மிச்சம் மீதி இருந்தால் அள்ளிவிடும்.

மண்பானை:
கோப்புறையில் அந்தக் கோப்பு இருந்தது! பெயர் மாற்றி, நீங்கள் சொன்ன வரிசையில் செய்தேன். இரண்டு நாளில் நான்கு ரீஸ்டார்ட், வரி வரவில்லை. 'மேனேஜ்ட் பை' வாசகமும் போய்விட்டது, தேடல் நேராக வருகிறது. சிங்க்கை மறுபடி போடலாமா? கடவுச்சொல் மாற்ற வேண்டுமா?

கல்திண்ணை:
போடலாம். போட்ட உடனே எக்ஸ்டென்ஷன் பக்கத்தை ஒரு முறை பாருங்கள், அந்தப் பிடிஎஃப் ஆசாமி திரும்ப வந்திருந்தால் இப்போது ரிமூவ் வேலை செய்யும்.

கடவுச்சொல்லைக் கட்டாயம் மாற்றுங்கள். தேடலைத் திருப்பி விடுகிற எக்ஸ்டென்ஷனுக்குப் பெரும்பாலும் எல்லாத் தளங்களிலும் படிக்கவும் மாற்றவும் அனுமதி இருக்கும், நீங்கள் தட்டியதையும் பார்த்திருக்கலாம். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து. ஓடிபி இருப்பது மட்டும் போதாது. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கீ (பிரௌசர் சேமிக்கும் சிறு தரவு) அவர்கள் கையில் இருந்தால் ஓடிபி கேட்கவே கேட்காது. அதனால் கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி', 'யுவர் டிவைசஸ்' போய்த் தெரியாத கருவி எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு மாற்றுங்கள்.

அந்தப் பெட்டிகளில் இருந்த எண்ணுக்கு யாராவது போன் செய்து, ரிமோட் மென்பொருள் போடவிட்டு, பணமும் போயிருந்தால் இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குத் தாமதிக்காமல் அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போவதற்குள் நிறுத்தி வைக்க அது உதவும்.

மண்பானை:
யாரும் அழைக்கவில்லை, நல்லவேளை. பட்டியலில் தெரியாத போன் ஒன்று இருந்தது, வெளியேற்றிவிட்டேன். மாற்றிவிட்டு வருகிறேன்.