விஎஃப்டி ஓடினால் மீட்டர் பேசுவதில்லை: 485 லைனில் என்ன கோளாறு?

சாயப்பட்டறை எலெக்ட்ரீஷியன், திருப்பூர்
வணக்கமுங்க. எங்க ஆர்ஓ பிளாண்ட்டில் மூன்று எனர்ஜி மீட்டர், பம்ப் மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி ஒன்று, இரண்டு ஃப்ளோ மீட்டர். இந்த வரிசையிலேயே ஒரே ஆர்எஸ்-485 கேபிளில் (டேட்டா லைன்) மாட்பஸ் ஆர்டியூவாக (சாதனங்கள் பேசிக்கொள்ளும் முறை) கோர்த்திருக்கிறோம். ஐடி 1 முதல் 6, எல்லாவற்றிலும் வேகம் நொடிக்கு 9600 பிட், ஈவன் பேரிட்டி (பிழை பார்க்கும் பிட்). இவற்றைப் படித்து இணையத்துக்கு அனுப்பும் கேட்வேயில் 4ஜி சிம். அங்கிருந்து எம்க்யூடிடி (இணையத்தில் டேட்டா அனுப்பும் முறை) வழியாக முதலாளி போனுக்குப் போகிறது.

ராத்திரி பம்ப் நின்றிருக்கும்போது 5, 6 ஒழுங்காக வருகின்றன. காலையில் விஎஃப்டி ஓட ஆரம்பித்ததும் இரண்டும் டைம்அவுட். போனில் எல்லாமே அரை நிமிஷம் பழசு. போதாததற்கு, 1ஆம் மீட்டர் முகப்பில் 230.5 வோல்ட் நிற்கும்போது போனில் -0.00. சில நேரம் பத்துக் கோடி வோல்ட்! கேட்வேயை மாற்றச் சொல்கிறார் விற்றவர். மாற்றலாமா?

பேனல் பட்டறை, கோவை
கேட்வேயைத் தொடாதீங்க தம்பி. இது இரண்டு வேறு கோளாறு.

வோல்டேஜ் முதலில். மாட்பஸ் ரெஜிஸ்டர் (மதிப்பு வைக்கும் அறை) ஒன்றில் 16 பிட்தான் அடங்கும். தசமப் புள்ளி எண்ணுக்கு 32 பிட் வேண்டும், அதனால் இரண்டு ரெஜிஸ்டரில் பாதி பாதியாக வருகிறது. 230.5 என்றால் 17254, 32768. எந்தப் பாதி முன்னால் வரும் என்று மாட்பஸ் விதிக்கவில்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திருப்பிப் போட்டுப் பாருங்க, சரியாக -0.00 வரும். கேட்வேயில் வேர்டு ஸ்வாப் என்று இருக்கும், அந்த மீட்டருக்கு மட்டும் மாற்றுங்க.

அரை நிமிஷ தாமதம் எங்கிருந்து வருகிறது? ஒரு சாதனத்துக்கு எத்தனை கேள்வி, டைம்அவுட் எவ்வளவு?

சாயப்பட்டறை எலெக்ட்ரீஷியன்
ஸ்வாப் போட்டதும் 230 வந்துவிட்டதுங்க அண்ணா! சாதனத்துக்கு 5 கேள்வி, டைம்அவுட் 1 நொடி, மூன்று முயற்சி.

பேனல் பட்டறை
கணக்கு சரியாக வருகிறது. இரண்டு சாதனம், 5 கேள்வி, 3 முயற்சி: 30 நொடி. மாட்பஸில் மாஸ்டர் (இங்கே கேட்வே) கேட்டால்தான் ஸ்லேவ் (மீட்டர், விஎஃப்டி) பேசும், ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஒரு சின்னக் கேள்வியும் பதிலும் 9600இல் கேபிளில் ஓட 20 மில்லிநொடி போதும். ஆனால் 5ம் 6ம் வாய் திறக்காதவரை மற்ற நாலும் வரிசையில் காத்திருக்கும். சிஆர்சி (பிழை கண்டுபிடிக்கும் எண்) தப்பாக வந்த கேள்விக்கு ஸ்லேவ் பதிலே சொல்லாது. அதனால் டைம்அவுட் என்றாலே மீட்டர் செத்துவிட்டது என்று நினைக்காதீங்க. காதில் குப்பை விழுந்திருக்கலாம்.

மில் மெயின்டனன்ஸ், பல்லடம்
குப்பையை நான் கண்டுபிடிக்கிறேன். எல்லா பவரையும் ஆஃப் பண்ணி, 485 லைனின் ஏ, பி கம்பி இரண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்க. கேபிள் எந்த வழியாகப் போகிறது?

சாயப்பட்டறை எலெக்ட்ரீஷியன்
40 ஓம். கேபிள் விஎஃப்டியைத் தாண்டி மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகிறது.

மில் மெயின்டனன்ஸ், பல்லடம்
லைனின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) இருந்தால் 60 பக்கம் காட்டும். 40 என்றால் மூன்றாவது ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. விஎஃப்டி கண்ட்ரோல் போர்டில் அந்த ரெசிஸ்டரைச் சேர்க்கும் குட்டி டிப் ஸ்விட்ச் இருக்கும், பாருங்க. அந்த மூன்றாவது ரெசிஸ்டர் சிக்னலை வலுவிழக்க வைக்கிறது, பக்கத்து மோட்டார் கேபிளின் இரைச்சல் மீதியை முடிக்கிறது. 485 கேபிளைத் தனியாக இழுங்க. ஷீல்டை (உள் கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணுங்க.

சாயப்பட்டறை எலெக்ட்ரீஷியன் (மூன்று நாள் கழித்து)
ஸ்விட்ச் ஆன்ல இருந்ததுங்க. ஆஃப் பண்ணியதும் 61 ஓம். ஆனாலும் விஎஃப்டி ஓடும்போது 6 மட்டும் அவ்வப்போது விட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை கேபிளைச் சுவரோரம் தனியாக இழுத்தோம், அந்த விடுபடலும் நின்றது. இப்போது முதலாளி, பம்பைப் போனிலிருந்தே ஆன் ஆஃப் பண்ணலாமா என்கிறார்.

பேனல் பட்டறை
சாதனத்துக்குள் மதிப்பை எழுதும் மாட்பஸ் கட்டளை, ஃபங்ஷன் 06, இருக்கிறது, முடியும். ஆனால் சிம்மில் சிக்னல் போன நேரம் டேங்க் வற்றினால் பம்ப் காய்ந்து ஓடும். டேங்க்கில் ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணீர் இறங்கினால் அணையும் மிதவை ஸ்விட்ச்) வைத்து விஎஃப்டி ரன் டெர்மினலுக்கு நேராக ஒயர் இழுங்க. லிங்க் போனால் நிற்கும்படி விஎஃப்டியிலும் செட் பண்ணுங்க. அப்புறம் போனைக் கொடுங்க.

சாயப்பட்டறை எலெக்ட்ரீஷியன்
சொன்னேனுங்க. "ஃப்ளோட் ஸ்விட்ச் என்ன விலை?" என்றார்.