தையல்சிட்டா, சாம்பல் கதிர்க்குருவியா?

கொல்லைத்தோட்டம் (திருவரங்கம்):
எங்கள் கொல்லையில் கத்தரிச் செடிகளும் செம்பருத்தியும் ஒரு பாதாம் மரமும் இருக்கின்றன. விடிந்ததும் செம்பருத்திப் புதருக்குள்ளிருந்து ஏதோ ஒரு குருவி தொண்டை கிழியக் கத்துகிறது. எட்டிப் பார்ப்பதற்குள் வாலைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி உள்ளே ஓடிவிடுகிறது. வீட்டில் தையல்சிட்டு என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஐயா சாம்பல் கதிர்க்குருவி என்று அடித்துச் சொல்கிறார். புதர் நிழலில் நிறம் பிடிபடுவதில்லை. குரலை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா?

மாடிச்செடி:
சுலபம். கூட்டைத் தேடுங்கள். இலையை மடித்து நாரால் தைத்திருந்தால் தையல்சிட்டுதான், சந்தேகமே வேண்டாம்.

வயலோரம் (கும்பகோணம்):
தம்பி, அவ்வளவு உறுதி வேண்டாம். சாம்பல் கதிர்க்குருவியும் இலைகளைச் சேர்த்துத் தைக்கும். பெயர் ஒன்றுக்குப் போய்விட்டது, தொழில் இரண்டுக்கும் தெரியும். முட்டையைப் பார்த்தால் தெரியும்தான். கதிர்க்குருவியின் முட்டை பளபளக்கும் செங்கல் நிறம். ஆனால் அதற்காக இலையை விலக்காதீர்கள். நீங்கள் போன தடத்திலேயே காக்கை வரும்.

அம்மா, குரலை வைத்துச் சொல்லலாம். தையல்சிட்டு 'டுவிட்-டுவிட்-டுவிட்' என்று ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கத்தும். பிறகு சட்டென்று வேறொரு சொல்லுக்குத் தாவி அதையும் அதேபோல் இழுக்கும். பத்து கிராம்கூடத் தேறாத உடம்புக்கு அந்தச் சத்தம் அநியாயம். தொண்டை கிழிய என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு இதன் நினைப்புதான் வந்தது. கதிர்க்குருவியின் 'ஜிவீ-ஜிவீ-ஜிவீ' மெலிந்த குரல். மிரண்டால் மூக்கால் 'டீ-டீ' என்று சிணுங்கும். இன்னொன்றையும் காது கொடுத்துக் கேளுங்கள்: புதர்விட்டுப் புதர் பறக்கும்போது மின்கம்பியில் பொறி தெறிப்பதுபோல 'டக், டக்' என்று ஓசை வரும். அது தொண்டையிலிருந்து வருவதன்று, சிறகடிப்பில் எழுவது என்பார்கள். அதைக் கேட்டுவிட்டால் பக்கத்து வீட்டு ஐயா சொன்னதுதான் சரி.

பார்க்கக் கிடைத்தால் முதுகைப் பாருங்கள். தையல்சிட்டுக்குப் பாசிப்பச்சை முதுகு, செம்பழுப்பு உச்சந்தலை, வெளுத்த வயிறு. கழுத்தை நீட்டிக் கத்தும்போது பக்கவாட்டில் கறுப்பாக ஒரு திட்டுத் தெரியும். இறகில்லாத தோல் அது. கதிர்க்குருவிக்குத் தலையும் முதுகும் சாம்பல், அடிப்பக்கம் வெளிறிய செம்மஞ்சள். வாலை நம்பாதீர்கள், இரண்டும் தூக்கும். சில புத்தகப் படங்களில் கதிர்க்குருவிக்கு வெள்ளைப் புருவம் இருக்கும்; அது வடக்கே குளிர்காலக் கோலம். நம் ஊர்க் குருவி ஆண்டு முழுவதும் ஒரே உடுப்புதான்.

கொல்லைத்தோட்டம்:
நன்றி அம்மா. இன்று காலை கேட்டது 'டுவிட்' தான், இடையில் சொல்லையும் மாற்றியது. ஆனால் மாலையில் அதே புதரிலிருந்து 'செக்... செக்...' என்று விட்டுவிட்டு வேறொரு ஓசை வருகிறது. அதுவும் இதுவேதானா? பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கலாமா?

ஏரிக்கரை:
இது குளிர்காலமாக இருப்பதால் சொல்கிறேன், அந்த 'செக்' பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். வலசை வந்து நம் தோட்டங்களில் தங்கிவிட்டுக் கோடை தொடங்கும்போது திரும்பிப் போகும். மங்கிய பழுப்பு, குறியென்று சொல்ல ஒன்றும் இல்லை. புதரைவிட்டு வெளியே வரவே வராது, குரல்தான் காட்டிக்கொடுக்கும்.

வயலோரம்:
ஒலிக்கவிட வேண்டாம். தன் எல்லைக்குள் வேறு ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணித் தையல்சிட்டு இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்குத் திரியும். அந்த 'செக்' ஓசையைப் பதிவு செய்து இங்கே போடுங்கள், கேட்டுச் சொல்கிறோம்.