அடிக்கடி லீவு எடுக்கும் மாணவன், பள்ளிக்கு வராத பெற்றோர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வகுப்பாசிரியை

எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் வரை ஓரளவு நன்றாகப் படித்த ஒரு பையன், இந்த வருடம் வாரத்துக்கு ஒரு நாளாவது லீவு போட்டுவிடுகிறான், வந்தாலும் முதல் பீரியடிலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறான். கேட்டால் பதில் இல்லை. அம்மாவை வரச் சொல்லி டைரியில் மூன்று முறை எழுதிவிட்டேன், வரவில்லை. "வீட்டுக்கே அக்கறை இல்லை, நீங்கள் ஏன்?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆலோசகர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார், ஆனால் அந்த அறைக்குப் போனால் பசங்க கேலி செய்வார்கள் என்று இவன் போக மறுக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: பள்ளி ஆலோசகர்

டீச்சர், முதலில் அவன் வருகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி நாட்களில் 10 சதவீதம் வராமல் போனாலே பல இடங்களில் அதைத் தொடர் விடுப்பு என்று கணக்கில் எடுப்பார்கள், லீவு லெட்டர் கொடுத்த நாளும் அதில் சேர்த்திதான். 10 சதவீதம் என்றால் மாதத்துக்கு இரண்டு நாள்தான் என்பதால் யார் கண்ணிலும் படாது. உங்கள் பையன் அதற்கு இரண்டு மடங்கில் இருக்கிறான். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனதையும் ஒரு முன்னெச்சரிக்கையாகக் கண்டார்கள். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. அதனால் ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம்.

கேலி பற்றி அவன் சொல்வது நியாயமான பயம். அவனை அறைக்கு அனுப்பாதீர்கள், ஆலோசகரை வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளோடும் நாலு வகுப்பு பேசிப் பழகிவிட்டால், அப்புறம் அந்த அறைக்கு யார் போனாலும் அது பெரிய விஷயமாக இருக்காது.

பதில்: ஒரு காலத்தில் அந்தப் பையன்

நானும் இப்படித்தான் இருந்தேன். அம்மாவுக்கு இரவு வேலை. காலையில் அவர் வந்து சேரும்வரை தங்கையை விட்டுவிட்டு நான் கிளம்ப முடியாது, லேட்டாகப் போனால் வெளியே நிற்க வைப்பார்கள், அதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று இருந்தேன். பள்ளியிலிருந்து வந்த கடிதம் எல்லாமே எச்சரிக்கைதான். அம்மா அதைப் பார்த்துப் பயந்தார், அவ்வளவுதான். அதை அக்கறை இல்லை என்று சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கடைசியில் ஒரு டீச்சர் போன் செய்து, நான் கணக்கை வேறு வழியில் போட்டுக் காட்டியதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்?" என்று கேட்டார். அம்மா அடுத்த நாளே போனார். இரண்டாவது பீரியடிலிருந்து வரலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்று முடிவானது. அப்புறம் நான் லீவு போட்டதே குறைவு.

பதில்: குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர்

மேலே சொன்னதுதான் சரியான வழி. வீட்டுக்குப் போவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லி அனுமதி வாங்கி, இரண்டு பேராகப் போங்கள், போனதும் நோட்டை விரித்து எழுத ஆரம்பிக்காதீர்கள். "காலையில் உங்கள் வீட்டில் எப்படிப் போகும்?" என்று ஒரு கேள்வி போதும், பாதி விஷயம் அதிலேயே வந்துவிடும். ஏதாவது உதவிக்கு அனுப்புவதாக இருந்தால் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்தே பேசி நேரம் வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் முதல் தடவை கூடவே போங்கள். நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு கூப்பிடாமலே விட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படிப்பைப் பாதியில் விட்டுவிடக்கூடிய பிள்ளைகளுக்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய 'செக் அண்ட் கனெக்ட்' திட்டத்தில் ஒரு பிள்ளையோடு ஒரே வழிகாட்டி குறைந்தது இரண்டு வருடம் இருப்பார். வகுப்பு மாறினாலும் ஆள் மாறக் கூடாது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இன்னொன்று, இது முக்கியம். யாரோ அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்று அவன் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காமல், அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அன்றைக்கே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

வகுப்பாசிரியை

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன், அவன் வரைந்த படத்தைப் பற்றி மட்டும்தான் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "சனிக்கிழமை வரட்டுமா டீச்சர்?" என்று அவராகவே கேட்டார். லேட்டாக வந்தால் அரை நாள் லீவு என்ற விதி எங்கள் பள்ளியிலும் இருக்கிறது, அவனுக்கு மட்டுமாவது அதைத் தளர்த்த முடியுமா என்று நாளை தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறேன்.