ஜாக்கி லிவருக்கு எதற்கு சைக்கிள் டியூப்?

டாரஸ்காரன்:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். லாரி டிரைவர்களுக்குத் தற்காப்புப் பாடமாம். ட்ராக் பேண்ட் போட்ட ஒரு தம்பி, ஷெட்டில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சீட்டுப் பக்கத்தில் எப்போதும் மூன்றடிக் கம்பி இருக்கட்டும், கதவைத் திறந்ததும் முழங்காலைப் பார்த்து அடியுங்கள்" என்கிறான். கீழே ஒரு கூட்டம் கைதட்டுகிறது.

நான் 19 வருஷம் வண்டி ஓட்டினவன். இப்போது சங்ககிரியில் இரண்டு டாரஸ் லாரி வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி கேபினுக்குள் உட்கார்ந்து மூன்றடிக் கம்பியை ஒரு தடவையாவது வீசிப் பார்த்திருப்பானா? முன்னால் ஸ்டியரிங், பின்னால் படுக்கைப் பலகை, தலைக்கு மேல் கூரை. வீசினால் முதலில் உடைவது நம் கண்ணாடிதான். என் டிரைவர்களுக்குச் சொல்லியிருப்பது மூன்றே விஷயம்: கதவைத் திறக்காதே, ஹாரனிலிருந்து கையை எடுக்காதே, 112-க்கு அடி. கம்பி கிம்பி எல்லாம் டூல்ஸ் பெட்டியில் கிடக்கட்டும்.

தொப்பூர் வளைவு:
முதலாளி ஆனதும் எல்லோருக்கும் இந்த ஞானம் வந்துவிடுகிறது. நான் 24 வருஷமாக மாநிலம் தாண்டிப் போகிற நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுகிறேன். இன்றைக்கும் ஓட்டுகிறேன், "ஓட்டினவன்" இல்லை. என் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஜாக்கி லிவர் இருக்கிறது, டயர் மாற்றும்போது ஜாக்கியை ஏற்றுகிற இரும்புக் கம்பி. சைக்கிள் டியூப் சுற்றி, கைக்குப் பாந்தமாக வைத்திருக்கிறேன்.

நாக்பூரைத் தாண்டி சிவனிக்குப் போகிற வழி, ராத்திரி இரண்டு மணி. மேட்டில் வண்டி முக்கிக்கொண்டு ஏறும்போது மூன்று பேர் படியில் தொத்தினார்கள். லிவரை எடுத்துக் காட்டினேன். அடிக்கவில்லை, காட்டினேன். குதித்து ஓடினார்கள். 112 என்கிறீர்கள். அந்தக் காட்டுக்குள் போனில் ஒரு புள்ளி சிக்னல் கிடையாது.

நோட்டரி:
//சைக்கிள் டியூப் சுற்றி, கைக்குப் பாந்தமாக//

ஒன்றே ஒன்று கேட்கிறேன் அண்ணே. ஜாக்கி லிவருக்கு எதற்கு டியூப்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, ஆயுதமாகச் செய்ததை மட்டும் ஆயுதம் என்று சொல்லவில்லை, ஆயுதமாக மாற்றியமைத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறது. லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். ஜாக்கி லிவர் ஜாக்கி லிவராகவே இருந்தால் அது வண்டிச் சாமான். பிடி போட்டு, சீட்டுப் பக்கத்தில் சொருகி வைத்தால் செக்போஸ்ட்டில் ஒரு ஏட்டு அதை வேறு மாதிரி எழுதலாம்.

தொப்பூர் வளைவு:
வக்கீல் சாருக்கு வணக்கம். மே மாதம் நாக்பூரில் இரும்பைத் தொட்டிருக்கிறீர்களா? கை பொத்துப்போகும். அதற்குத்தான் டியூப்.

நோட்டரி:
வக்கீல் இல்லை, பத்திரம் எழுதுகிறவன். திருச்செங்கோட்டில் கோர்ட்டுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

கேபினுக்குள் நிழலில் கிடக்கிற கம்பி எப்படி அண்ணே சுடும்?

முட்டை லோடு:
வந்தார் பாருங்கள் துப்பறியும் பத்திரம்.

எனக்கு ஒரு சந்தேகம். "கண்ணாடியில் முட்டை அடித்தால் வைப்பர் போடாதே, பால் மாதிரி பரவிவிடும், கொள்ளைக்காரன் காத்திருப்பான்" என்று வருஷா வருஷம் வாட்ஸப்பில் வருகிறதே. நாமக்கல்லிலிருந்து முட்டை லோடு ஏற்றிப் போகிறவன் மேலேயே எவனாவது முட்டை அடித்திருக்கிறானா?

தொப்பூர் வளைவு:
//நிழலில் கிடக்கிற கம்பி எப்படிச் சுடும்//

இன்ஜின் சூடு என்று ஒன்று உண்டு சார். கேபின் தரையே தோசைக்கல் மாதிரி இருக்கும். பேனா பிடிக்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது.

சட்டமும் சொல்கிறேன், எனக்கும் தெரியும். 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று ஆயுத விதியில் கணக்குப் போட்டிருப்பது கத்திக்கு. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு உண்டு. என் லிவரில் கூர் கிடையாது. கூர் இல்லாத சாமானுக்கு டியூப் சுற்றினால் என்ன, குஞ்சம் கட்டினால் என்ன?

நோட்டரி:
லைசென்ஸ் வேண்டுமா என்று நான் கேட்கவில்லையே. அடித்தபிறகு என்ன ஆகும் என்பதுதான் பேச்சு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு, அடித்தால் சாவு நேரக்கூடிய எந்தச் சாமானையும் அபாயகரமான ஆயுதக் கணக்கில் வைக்கிறது. கல்லும் ஒன்றுதான், லிவரும் ஒன்றுதான். அப்புறம் தற்காப்பு உரிமை. பழைய சட்டத்தில் 96 முதல் 106, இப்போது 34 முதல் 44. உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. போலீசைத் தேடிப் போக அவகாசம் இருந்தாலும் அந்த உரிமை கிடையாது. அவன் குதித்து ஓடுகிறான், நீங்கள் இறங்கித் துரத்தி முதுகில் ஒன்று போட்டால் அன்றோடு நீங்கள்தான் குற்றவாளி. "முன்கூட்டியே டியூப் சுற்றித் தயாராக இருந்தான்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் கேட்பார்.

தொப்பூர் வளைவு:
நான் துரத்தினேன் என்று எங்கே எழுதினேன்? காட்டினேன் என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள். காட்டினேன்.

பழைய கிளீனர்:
நீங்கள் இரண்டு பேரும் டியூபைப் பிடித்துத் தொங்குங்கள். 2018-ல் போபால் பக்கத்தில் பிடிபட்ட ஆள் நினைவிருக்கிறதா? பகலில் தையல்காரர். அவனும் கூட்டாளிகளும் லாரி டிரைவர்களிடம் சிநேகம் பிடித்து, சாப்பாட்டில் மயக்க மருந்து கலந்து, கொன்றுவிட்டு வண்டியோடு சரக்கை விற்றிருக்கிறார்கள். 33 கொலை என்று போலீஸ் சொன்னது. செத்தவர்கள் டிரைவர்களும் கிளீனர்களும். அத்தனை வண்டியிலும் லிவர் இருந்திருக்கும். என்ன பிரயோஜனம்? சிரித்துக்கொண்டு டீ வாங்கித் தருகிறவனைக் கம்பியால் அடிப்பீர்களா?

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டிரைவர் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவர். தாபாவில் டீ போடுகிற இடத்துக்கே போய் நின்று, ஊற்றும்போதே கையில் வாங்குவார். பக்கத்து மேசைக்காரன் நீட்டினால் "சுகர்" என்று சொல்லிவிடுவார். அவருக்குச் சுகரே கிடையாது. கண்டெய்னரை நிறுத்தினால் பின்கதவு சுவரில் முட்டுகிற மாதிரி ரிவர்ஸ் எடுப்பார். டேங்க் மூடி இருக்கிற பக்கத்தை இன்னொரு வண்டியோடு ஒட்டி விடுவார், டியூப் போட்டு டீசல் உறிஞ்சுகிறவன் நுழைய இடம் இருக்காது. யாராவது பைக்கில் வந்து "டயர் போச்சு, டீசல் ஒழுகுது" என்று கை காட்டினால் நிறுத்தவே மாட்டார். அடுத்த பங்க் வெளிச்சத்தில்தான் இறங்கிப் பார்ப்பார்.

முட்டை லோடு:
இங்கேயும் ஒரு டியூப் வந்துவிட்டது!

டாரஸ்காரன்:
பழைய கிளீனர் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். தகராறு வராத இடமாகப் பார்த்து நிறுத்து, கதவைத் திறக்காதே, அவ்வளவுதான்.

தொப்பூர் வளைவு:
//கதவைத் திறக்காதே//

முதலாளி, உங்கள் வண்டியில் எத்தனை டிரைவர் போகிறார்கள்? அதை முதலில் சொல்லுங்கள். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்று விதி இருந்தது. 2018-ல் எடுத்துவிட்டார்கள். முதலாளிமார் எல்லாம் அன்றைக்கு சந்தோஷப்பட்டீர்கள். ஒருவன் தூங்கினால் ஒருவன் முழித்திருப்பான், அதுதான் எங்களுக்கு இருந்த தற்காப்பு. இரண்டாவது ஆளுக்குப் படி கொடுக்க மனசில்லை, கிளீனரையும் நிறுத்தியாச்சு, இப்போது வந்து ஹாரன் அடி என்று பாடம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. உங்கள் டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறான்?

டாரஸ்காரன்:
டீசல் என்ன விலை, டோல் என்ன விலை, டயர் என்ன விலை என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? ஆள் கேட்டால் எவன் வருகிறான்? கிளீனர் வேலைக்கு வா என்றால் பையன்கள் உணவு டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள்.

அப்புறம், இரண்டு பேர் இருந்தால் பயமில்லை என்பது கட்டுக்கதை. 2020 அக்டோபரில் சூளகிரி பக்கத்தில் செல்போன் கண்டெய்னரை மறித்தார்களே, இரண்டு டிரைவர்களையும் அடித்துக் கட்டிப்போட்டுவிட்டு சுமார் 15 கோடி ரூபாய்ச் சரக்கைக் கொண்டுபோனார்கள். நடந்தது வடக்கே எங்கேயோ இல்லை, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில். இரண்டு பேர் இருந்தும் என்ன செய்ய முடிந்தது?

தொப்பூர் வளைவு:
அவர்கள் கையில் லிவர் இருந்ததா?

நோட்டரி:
இருந்து, டியூப் சுற்றாமல் இருந்திருக்கும்.

டிரைவர் மகள்:
அப்பா 30 வருஷம் டெல்லி லைன் ஓட்டினார். இதையெல்லாம் படிக்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. கதவைத் திறக்காதே என்கிறார் அண்ணன். மே மாதம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேபினில் தூங்க முடியுமா? அப்பாவின் இரண்டு போன் போனது கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்கும்போது கை விட்டு எடுத்ததில்தான். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று ஆனபோது "டிரைவருக்கு ஏசி கேட்குதா" என்று இதே இடத்தில் எழுதினவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

டாரஸ்காரன்:
சொல்லுங்கம்மா, பரவாயில்லை. நான்தான். ஏசிக்கு ஆகிற டீசலை யார் போடுவது என்றுதான் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

தொப்பூர் வளைவு:
பாப்பா சரியாகச் சொல்லிச்சு. அதோடு இன்னொன்று. பழைய வண்டியில் கட்டின கேபினுக்கு எங்கே உருப்படியான பூட்டு இருக்கிறது? ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினால் கதவு திறந்துகொள்கிறது. இதில் கதவைத் திறக்காதே என்று எனக்குப் புத்தி. அவன் திறந்துகொண்டு வருகிறான் ஐயா!

முட்டை லோடு:
எங்கள் ஊர் பாடி கட்டுகிற வேலையைப் பற்றிப் பேசினால் மரியாதை கெட்டுப்போகும். இந்தியா முழுக்க வண்டி கட்ட நாமக்கல்லுக்குத்தான் வருகிறான். பூட்டுக்குக் காசு கொடுக்காமல் "அதெல்லாம் எதுக்கு, ஸ்டிக்கர் நல்லா போடு" என்று சொன்னது உங்கள் முதலாளி.

தொப்பூர் வளைவு:
நான் நாமக்கல் என்று சொன்னேனா? குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும்.

பழைய கிளீனர்:
கொள்ளைக்காரனைவிட எனக்குப் பயம் ஊர்க்கூட்டம்தான். குறுக்கே ஒரு பைக் வந்து விழுந்துவிட்டால், தப்பு யார் மேல் என்று பார்ப்பதற்குள் டிரைவரை இறக்கி அடித்துவிடுகிறார்கள். நின்றால் கூட்டம் கொல்லும், ஓடினால் நியாய சன்ஹிதா 106(2)-ல் 10 வருஷம் வரைக்கும் என்று எழுதினார்கள். 2024 ஜனவரியில் வடக்கே வண்டியை நிறுத்திப் போராடியது அதற்குத்தானே. அப்புறம் அந்த உட்பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தார்கள்.

நோட்டரி:
நின்றே சாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு: அடிபட்டவரை டிரைவர் கவனிக்க வேண்டும், கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் ஒழிய. அந்த விலக்கு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் பக்கத்து ஸ்டேஷனில் போய்ச் சொல்லியாக வேண்டும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள். வண்டியை நேராக ஸ்டேஷன் வாசலுக்கே விடுங்கள்.

அங்கே கேபினைச் சோதிப்பார்கள். அப்போது டியூப் சுற்றின லிவர் சீட்டுப் பக்கத்தில் இருந்தால்...

தொப்பூர் வளைவு:
மறுபடியும் டியூபா! யோவ், உனக்கு அந்த டியூபில் என்னதான் பிரச்சினை? போன வருஷம் ரீட்ரெட் டயர் பேச்சில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடினாயே, அந்தக் கோபமா?

நோட்டரி:
ஓடவில்லை, அன்றைக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. அங்கேயே அதையும் எழுதியிருந்தேன். மரியாதையாகப் பேசினால் நானும் பேசுவேன்.

தொப்பூர் வளைவு:
சரி சார், மரியாதையாகவே கேட்கிறேன். ராத்திரி நெடுஞ்சாலையில் கொள்ளை அடித்தால் 14 வருஷம் வரைக்கும் என்று உங்கள் சட்டம் சொல்கிறது. 14 வருஷம் அவனுக்கு. அதற்குள் எனக்கு என்ன ஆகும் என்று எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது? நீங்கள் எல்லோரும் சொல்வதை நான் செய்யாமல் இல்லை. பங்கில்தான் நிறுத்துகிறேன், அந்நியன் கொடுத்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதையெல்லாம் செய்த பிறகும் ஒருத்தன் படியில் ஏறி நிற்கிறான். அப்போது கையில் ஒன்று வேண்டும். கண்டக்டர் இல்லாத பஸ் மாதிரி தனியாகப் போகிறவனுக்கு அந்த லிவர்தான் கூட வருகிற ஆள். சந்தேகம் இருந்தால் இதோ படம் போடுகிறேன், பாருங்கள். இதில் ஆயுதம் எங்கே இருக்கிறது?

டாரஸ்காரன்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் தெரிகிற ஸ்டியரிங் கவர் யாருடையது? நல்லா இருக்கே, எங்கே வாங்கினீர்கள்?

பழைய கிளீனர்:
இது ஜாக்கி லிவரே இல்லையே. வீல் ஸ்பேனருக்கு மாட்டுகிற பைப் இது.

நோட்டரி:
இரண்டு முனையிலும் டியூப் சுற்றியிருக்கிறது.

தொப்பூர் வளைவு:
பைப் இல்லை, லிவர். எங்கள் வண்டியில் அதற்கு லிவர் என்றுதான் பேர். லோடு ஏற்றியாச்சு, வண்டி எடுக்கிறேன். கர்னூல் தாண்டி டீக்கு நிறுத்தும்போது வந்து வைத்துக்கொள்கிறேன்.

நோட்டரி:
வாருங்கள். எதற்கு இரண்டு முனையிலும் என்று மட்டும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.