சினிமா, ரீல்ஸ், கஞ்சா: பிளஸ் ஒன் வகுப்பில் இதை எப்படிப் பேசுவது?

சாக்பீஸ்_டீச்சர் கேட்டது:

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் போதைப்பொருள் தடுப்பு மன்றப் பொறுப்பு என்னுடையது. போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 வந்தால் உறுதிமொழி, ஊர்வலம், காவல்துறையிலிருந்து ஒருவர் பேச்சு, அழுகிய நுரையீரல் படம் போட்ட பேனர் என்று ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. இந்த முறை பிள்ளைகள் பார்க்கிற படம், கேட்கிற பாட்டு, ரீல்ஸ் இவற்றை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன். 42 பேர், தலா 40 நிமிடத்தில் 2 பீரியட், ஒரு புரொஜெக்டர். கேள்விகள் மூன்று.

"படம் பார்த்தா கெட்டுப்போயிடுவோமா மிஸ்?" என்று ஒருவன் எழுந்து கேட்டால் ஆதாரத்தோடு என்ன சொல்வது? காட்சியைப் போட்டுக் காட்டினால் அதுவே விளம்பரமாகிவிடாதா? பயமுறுத்தும் படங்களை என்ன செய்வது?

நோய்த்தடுப்பு_மணி:

டீச்சர், முதல் கேள்விக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சிகரெட்டைப் பற்றியது. கஞ்சாவுக்கும் போதைக்காக எடுக்கும் மாத்திரைக்கும் அதே அளவு உறுதியான ஆய்வுகள் கிடையாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

2003-இல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. 10 முதல் 14 வயது வரை, ஒருமுறைகூடப் புகைக்காத பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்று இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, திரையில் புகைபிடிப்பதை மிகக் குறைவாகப் பார்த்த கால் பங்கினரில் 100-க்கு 3 பேர் புகைத்துப் பார்த்திருந்தார்கள். மிக அதிகமாகப் பார்த்த கால் பங்கினரில் 17 பேர். வீட்டுச் சூழல், நண்பர்கள், குணம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் சுமார் இரண்டே முக்கால் மடங்கு வித்தியாசம் நின்றது. பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடம்தான் தாக்கம் கூடுதல். "எங்க வீட்ல யாரும் தொடவே மாட்டாங்க" என்பது இந்த விஷயத்தில் காப்பு இல்லை. இப்படிப் பல ஆய்வுகள் சேர்ந்த பிறகு, 2012-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை, திரைப்படப் புகைக்காட்சிகள் இளையோரைப் புகைக்கத் தொடங்க வைக்கும் காரணங்களில் ஒன்று என்றே சொன்னது.

எழுந்து கேட்கிற பையன் பாதி சரி. 17 பேர் தொட்டார்கள் என்றால் 83 பேர் தொடவில்லை. அவனை அடக்காமல் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். மறு பாதி இது: கஞ்சாப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பது தெரிந்த பையன்தான். கொடுக்கும் அந்த நொடியில் அது 'கெத்து' என்று தோன்றுமா, 'வேண்டாத வேலை' என்று தோன்றுமா என்பதைத்தான் படமும் பாட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகின்றன.

பயமுறுத்தும் படங்களை விட்டுவிடுங்கள். ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளில், பயன் தராத அல்லது எதிர்விளைவு தரும் முறைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: ஒருவரே நின்று பேசும் சொற்பொழிவு, பயமுறுத்தல், வெறும் நீதிபோதனை, முன்பு பழக்கத்தில் இருந்தவரை அழைத்து அனுபவம் சொல்ல வைப்பது, நிகழ்ச்சியைக் காவலர் நடத்துவது. நம் ஜூன் 26 நிகழ்ச்சி நிரலில் பாதிக்கு மேல் அதில் இருக்கிறது என்பது வருத்தமான விஷயம். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய பெரிய கஞ்சா எதிர்ப்பு விளம்பர இயக்கத்தையும் பின்னால் மதிப்பிட்டார்கள். பயன் தெரியவில்லை. விளம்பரம் அதிகம் பார்த்தவர்களில் சிலருக்கு "எல்லாரும் அடிக்கிறாங்க போல, அதனாலதான் இவ்வளவு சொல்றாங்க" என்ற எண்ணம் வந்ததற்கான தடயமும் இருந்தது.

பயன் தருவது தொடர் அமர்வு. அதே தரநிலைகள் வாரம் ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள் என்கின்றன. 2 பீரியட் ஒரு தொடக்கம்தான், தலைமையாசிரியரிடம் மீதியையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

கத்திரி_மேசை:

படத்தொகுப்பு வேலை பார்ப்பவர்கள் பக்கத்திலிருந்து இரண்டாவது கேள்விக்கு. காட்டலாம், ஆனால் சும்மா ஓட விடக்கூடாது. பிரித்துக் காட்ட வேண்டும்.

60 முதல் 90 நொடிக் காட்சி ஒன்று போதும். மூன்று முறை ஓட்டுங்கள்: முழுதாக ஒருமுறை, சத்தத்தை நிறுத்தி ஒருமுறை, திரையை மறைத்துச் சத்தம் மட்டும் ஒருமுறை. இரண்டாவது ஓட்டத்திலேயே வகுப்பு மாறிவிடும். பின்னணி இசை இல்லாமல் பார்த்தால், ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நின்று வாயிலிருந்து புகை விடுகிறான், அவ்வளவுதான். 'மாஸ்' எங்கே போனது என்று பிள்ளைகளே தேடுவார்கள்.

அது எங்கே இருக்கிறது என்று நாங்கள் சொல்கிறோம். முகத்தைக் காட்டும் முன் கை, உதடு, தீப்பொறி என்று தனித்தனி குளோசப். கேமரா இடுப்புக்குக் கீழிருந்து மேலே பார்க்கும், ஆள் உயரமாகத் தெரிவார். வினாடிக்கு 48 பிரேம் எடுத்து 24-இல் ஓட்டினால் புகை பாதி வேகத்தில் சுருளும். பின்னால் ஒரு விளக்கு வைத்தால்தான் புகை வெள்ளையாகத் தெரியும். வெறும் வெளிச்சத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. ஊதும் அதே பிரேமில் டிரம் விழும்படி வெட்டுவோம். நடிகர் வாயில் இருப்பது பல நேரம் புகையிலையே இல்லாத மூலிகை சிகரெட். இருமினால் அந்த டேக் குப்பைக்குப் போகும். நீங்கள் பார்ப்பது இருமாத டேக்.

தவிர்க்க வேண்டியவை: சுருட்டுவது, பொடியாக்குவது, ஊசி ஏற்றுவது என்று செய்முறை தெரியும் காட்சி எதுவும் வேண்டாம். அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். இப்போது ஓடும் பெரிய நடிகரின் படமும் வேண்டாம். பேச்சு போதையை விட்டு ரசிகர் சண்டைக்குப் போய்விடும். பத்து வருடத்துக்கு மேல் பழைய படம் எடுங்கள். கைதட்டல் வந்தால் திட்டாதீர்கள். எந்த நொடியில் தட்டினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த நொடியை மறுபடி ஓட்டுங்கள்.

ரீல்ஸ் பற்றி ஒன்று. 2012 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, புகையிலைக் காட்சி உள்ள படத்தில் தொடக்கத்திலும் இடையிலும் 30 நொடி எச்சரிக்கைப் படமும் 20 நொடி விளக்கமும் வர வேண்டும். காட்சி ஓடும்போது திரையின் கீழே வாசகம் நிற்க வேண்டும். 2023 செப்டம்பர் 1 முதல் ஓ.டி.டி.க்கும் விதி வந்தது. இந்த விதிகள் புகையிலையைப் பற்றியவை, கஞ்சாவைப் பற்றி அல்ல. அகலத் திரைக் காட்சியை யாரோ செங்குத்தாக வெட்டி 15 நொடி ரீலாகப் போடும்போது முன்னும் பின்னும் இருந்த எச்சரிக்கை போய்விடும். கீழே நின்ற வாசகம் பாதி வெட்டுப்பட்டுப் போகும், அல்லது அதன் மேலேயே பாட்டு வரி வந்து உட்காரும். கதையில் அந்தப் பாத்திரம் கடைசியில் செத்திருந்தாலும் ரீலில் சாவதில்லை. இதை ஒரே காட்சியின் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், விளக்கமே தேவையில்லை.

சாக்பீஸ்_டீச்சர்:

மிக்க நன்றி சார். இன்னொன்று. "கிளாஸ்ல எல்லாருமே போடுறாங்க மிஸ்" என்பதுதான் அதிகம் காதில் விழுவது. துண்டுச்சீட்டில் பெயர் இல்லாமல் எழுதச் சொல்லிக் கணக்கெடுக்கலாமா? வகுப்பு முடிந்த பிறகு ஒரு பிள்ளை தனியாக வந்து நின்றால் என்ன செய்வது?

திண்ணை_ஆலோசகர்:

சீட்டு முறையில் கவனம் தேவை டீச்சர். "நீ பயன்படுத்துகிறாயா" என்று 42 பேர் உள்ள வகுப்பில் கேட்கவே வேண்டாம். கையெழுத்து தெரியும், பக்கத்து பெஞ்ச் எட்டிப் பார்க்கும், எண்ணிக்கை உண்மையிலேயே அதிகமாக வந்துவிட்டால் "எல்லாரும் போடுறாங்க" என்பதற்கு நீங்களே முத்திரை குத்தியதாகிவிடும். நாட்டுக் கணக்கை வையுங்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் செய்து 2019-இல் வந்த ஆய்வில், 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் மது அருந்துவோர் 14.6 சதவீதம், கஞ்சா வகைகள் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம். முதலில் பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் பல மடங்கு கூட்டிச் சொல்வார்கள். பிறகு எண்ணை எழுதுங்கள். அதே ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் சதவீதத்தில் அதிகமாக இருந்த ஒரே வகை முகர்ந்து பார்க்கும் பசை, ஒயிட்னர் போன்றவை. படத்தில் அதற்கு ஸ்லோ மோஷன் கிடையாது, அதனால் நம் கண்ணிலும் படுவதில்லை.

பாட்டைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காதல் தோல்வி என்றால் மது பாட்டில், நண்பர்கள் வட்டம், குத்துப்பாட்டு என்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பாட்டு முடிந்த மறுநாள் காலையைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தான், பணம் யாருடையது, வாந்தியை யார் கழுவியது. பெண் பிள்ளைகள் இதை மிக நன்றாக எழுதுவார்கள், ஏனென்றால் கழுவுவது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுப்பதற்குப் பயிற்சி கொடுங்கள், மேடைத் தமிழில் வேண்டாம். "போதை தீது, வேண்டாம் நண்பா" என்று எந்தப் பையனும் சொல்ல மாட்டான். "வேணாம் மச்சி, நாளைக்கு மேட்ச்", "எனக்கு ஒத்துக்காது, நீ வா டீ குடிக்கலாம்", "அப்பா வாசல்லயே நிப்பாரு, கண்டுபிடிச்சிருவாரு". இப்படி அவர்களே ஐந்து வாக்கியம் சொல்லட்டும். இரண்டு பேர் வற்புறுத்த, ஒருவன் மறுக்க வேண்டும். மறுத்த பிறகு அங்கேயே நிற்காமல் நகர வேண்டும், அதையும் நடந்து காட்டச் சொல்லுங்கள். வற்புறுத்தும் பாத்திரத்தை, ஏற்கெனவே பழக்கம் இருப்பதாக நீங்கள் சந்தேகப்படும் பையனுக்குக் கொடுக்காதீர்கள். வகுப்பு அவனுக்குச் சிரித்துக் கைதட்டிவிடும்.

தனியாக வரும் பிள்ளையிடம், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். "உன் உயிருக்கு ஆபத்து என்றால் உதவிக்கு ஒருவரைக் கூப்பிடுவேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லுங்கள். மற்றவர் முன் பையைச் சோதிக்காதீர்கள், அன்றைக்கே அப்பாவை வரவழைக்காதீர்கள். எது, எப்போதிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஊசியா என்று நிதானமாகக் கேளுங்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது தெரிய வந்தால் தாமதிக்க வேண்டாம். மாத்திரையில் இருக்கும் கரையாத மாவுப் பொருள் ரத்தக்குழாயை அடைக்கும், பகிர்ந்த ஊசியில் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, அளவு மீறினால் மூச்சே நின்றுபோகும். தினமும் மதுவோ தூக்க மாத்திரையோ எடுத்தவனை "இன்னிக்கே நிறுத்து" என்றும் சொல்லாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். போனில் பேச 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டும் கட்டணமில்லை.

பிள்ளை மயங்கி விழுந்தால் 108. தட்டிக் கூப்பிட்டும் எழவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடையைச் சற்றே மேலே தூக்கி, பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பாருங்கள். புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், மோர் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். என்ன சாப்பிட்டான் என்று தெரிந்த நண்பன் பயந்து ஓடிவிடுவதுதான் பெரிய இழப்பு. "உன்மேல் கேஸ் போட அல்ல, டாக்டரிடம் சொல்லத்தான்" என்று அவனை நிறுத்தி வையுங்கள்.

சட்டப்பிரிவு_77:

கேஸ் பயம் வந்ததால் சுருக்கமாக. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இன் 64ஏ பிரிவின்படி, பழக்கத்துக்கு அடிமையானவர் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவுக்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தால், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கும்போது வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போகலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு, சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இன் கீழ் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. பிள்ளையை வைத்து விற்கவோ கடத்தவோ செய்தால் பிரிவு 78, அதே தண்டனை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதும் குற்றம். கடையைப் பற்றிப் புகார் சொல்ல தமிழ்நாட்டில் 10581. பிள்ளையின் பெயரை அதில் இழுக்க வேண்டியதில்லை.

கத்திரி_மேசை:

டீச்சர், நேரப் பங்கீடு: முதல் பீரியடில் 17, 83 கணக்குக்கு 8 நிமிடம், காட்சி மூன்று ஓட்டம் 7 நிமிடம், பேச்சு 20, மீதி 5 ரீலுக்கு. இரண்டாவது பீரியடில் ஊகமும் எய்ம்ஸ் எண்ணும் 8, மறுநாள் காலை எழுதுவது 12, மறுப்புப் பயிற்சி 20. கிளிப்பை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள், முடிந்ததும் பக்கத்தில் அடுத்த வீடியோ தானாக ஓடும், அது என்னவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பென்டிரைவில் வெட்டி வைத்துக்கொண்டு, முந்தின நாளே அந்த ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். இசை கேட்காத ஸ்பீக்கரில் சத்தத்தை நிறுத்தினாலும் வித்தியாசம் தெரியாது.