மறுபடி ஒரு கல்வெட்டு வைப்பதற்கு முன்னால்

அன்புள்ள சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

மூன்று நாளாகக் குழுவில் வந்த மடல்களை ஒன்று விடாமல் படித்தேன். ஊரில் ஒரு பூங்கா அமைக்கப் பணம் திரட்டலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் தொடங்கினார். நல்ல யோசனைதான். நகரச் செயலாளர் கையில் கொடுத்தால் வேலை சட்டென்று முடியும் என்று ஒரு தம்பி எழுதினார். அந்தக் கட்சிக்காரர் கைக்குப் போவதாக இருந்தால் என் பங்கு கிடையாது என்று குவைத்திலிருந்து பதில் வந்தது. அப்புறம் பூங்காவை எல்லோரும் மறந்துவிட்டோம். எந்த ஆட்சியில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், எந்த ஆட்சியில் மூடாமல் விட்டார்கள் என்று நாற்பது மடல். இதற்குத்தான் குழுவைத் திறப்பதே இல்லை என்று கனடா அக்கா எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். எந்தக் கட்சிக்காரர் கையிலும் நாம் பணம் கொடுக்கக் கூடாது. அதற்காகக் கட்சிக்காரர்களே ஆகாது என்று ஒதுங்கினாலும் ஊரில் ஒரு வேலையும் நடக்காது. கொடுப்பதை நகர்மன்றத்தின் தீர்மானத்தோடு கொடுப்போம். புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட, கட்டியதை ஓட வைப்பதற்குக் கொடுப்போம். ஏன் என்று நம் குடிநீர் நிலையத்தை வைத்தே சொல்கிறேன்.

2014ல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நம் சங்கம் போட்ட ஆர்.ஓ. நிலையம் பழையவர்களுக்கு நினைவிருக்கும். மஸ்கட்டில் லேபர் கேம்ப்பில் அறை அறையாகப் போய் அதற்கு வசூல் செய்தவன் நான். நம் ஊர்க் கொத்தனார் ஒருவர், வீட்டுக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து பத்து ரியாலை உருவிக் கொடுத்தார். வேண்டாம் அண்ணே, அடுத்த மாதம் கொடுங்கள் என்றேன். "நம்ம புள்ளைங்க குடிக்கிற தண்ணிடா" என்று சட்டைப் பையில் திணித்துவிட்டார். திறப்பு விழா நடந்தது, கல்வெட்டு வைத்தார்கள், ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பாட்டிலோடு வரிசையில் நிற்கிற படத்தை நான் பல பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் தண்ணீரை வடிகட்டுகிற மெம்பிரேனை மாற்ற வேண்டி வந்தது. மாற்ற வேண்டியது யார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கரண்ட் பில்லை அதுவரை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் கைக்காசில் கட்டி வந்திருக்கிறார். அவர் நிறுத்தியதும் மோட்டார் நின்றது. 2018ல் லீவுக்குப் போனபோது போய்ப் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்துச் சாவி நுழையாத அளவுக்கு இறுகியிருந்தது. குழாய்களின் வாயில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே சுருட்டி வைத்த பிளெக்ஸ் பேனர்கள். கல்வெட்டில் பெயர்களுக்குப் பூசிய கறுப்பு வண்ணம் உரிந்து, எழுத்தைத் தடவித்தான் படிக்க முடிந்தது.

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே யாரும் என்னை விரட்டவில்லை. ஓர் எழுத்தர் பொறுமையாக இரண்டு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இப்படி ஒரு கட்டடம் எங்க கணக்கிலேயே இல்லையே" என்றார். நாம் பணத்தைக் கட்சியில் செல்வாக்கான ஒருவர் மூலமாகக் கொடுத்தோம். அவர் ஆள் வைத்துக் கட்டிக் கொடுத்தார். மன்றத்தில் தீர்மானம் இல்லை, நகராட்சியிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்கவும் இல்லை. ஆக, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க ஒரு அதிகாரி விரும்பினாலும் எந்தக் கணக்கில் எழுதுவார்? தப்பு நம்முடையது. அதை நான் அன்று முழுசாக உணர்ந்தேன்.

அந்தச் சமயத்தில் கேட்பதற்குக் கவுன்சிலரும் இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் ஊர் இருந்தது. ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 74ஆவது திருத்தம் அரசியல் சட்டத்திலேயே எழுதி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் இப்படி. அதற்கு முன்னாலும் 1986ல் நடந்த தேர்தலுக்குப் பிறகு 1996ல்தான் அடுத்தது வந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஒரு ஊர் ஐந்து வருடம் கிடந்தது. கட்சிக்காரர்கள் வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் அந்த ஐந்து வருடத்தை நினைத்துப் பாருங்கள். கட்சிக்காரர் இல்லாமல்தான் இருந்தோம். மழைக்காலத்தில் சந்தைப்பேட்டைத் தண்ணீர் வடிந்ததா?

நம் ஊர் மாதிரி நகராட்சியில் கட்சி அரசியல் எப்படி நடக்கிறது என்பது தூரத்தில் இருக்கிற நமக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் பார்ப்பதை அப்படியே ஊருக்குப் பொருத்திப் பார்க்கிறோம். ஊரில் விஷயம் வேறு. மேட்டு வார்டுச் சாக்கடை பள்ளத்து வார்டு வழியாகத்தான் ஓடியாக வேண்டும். இரண்டு கவுன்சிலரும் வேறு வேறு கட்சி. மேலே இருப்பவர் புதுச் சாக்கடை கட்டினால் கீழே இருப்பவர் தெருவில் தண்ணீர் நிற்கும். இருவரும் ஒரே மதிப்பீட்டில் கையெழுத்துக் கேட்டுப் போனால்தான் இதற்கு விடிவு.

இன்னொன்றும் இருக்கிறது. நகராட்சித் தலைவரை இப்போது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 1996, 2001, 2011ல் நேரடித் தேர்தல். 2006லும் 2022லும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2022 மார்ச் 4 அன்று சில ஊர்களில் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் அன்றைய ஆளுங்கட்சிக்காரர்களே போட்டியிட்டு ஜெயித்து, ராஜினாமா செய்யச் சொல்லி முதலமைச்சரே அறிக்கை விடும்படி ஆனது. கவுன்சிலர்கள் தயவில் உட்கார்ந்திருக்கிற தலைவர் ஒவ்வொரு வார்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துச் சமாளித்தாக வேண்டும். இங்கே ஒரு சிறுபாலம், அங்கே நூறு அடி பேவர் பிளாக். எல்லா வார்டுக்கும் பொதுவான பெரிய வடிகாலைக் கேட்க ஆள் இல்லை, ஏனென்றால் அது எந்த வார்டின் வேலையும் இல்லை. கெட்ட எண்ணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அமைப்பு அப்படி. அந்தப் பொது வேலைக்குக் குரல் கொடுக்க வார்டைத் தாண்டி நிற்கிற யாராவது வேண்டும். நாம் அப்படி நிற்கிறவர்கள். எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை இருக்கிறது.

அதற்கு வழியும் இருக்கிறது. வார்டு குழு, ஏரியா சபை இரண்டுக்கும் 2022ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. 3 லட்சம் மக்களுக்கு மேல் இருக்கிற ஊரில் மட்டும் வார்டு குழு கட்டாயம் என்பது அரசியல் சட்டம். நம் மாதிரி சின்ன நகரங்களுக்கும் அது வந்தது மாநில விதிகளால்தான். அந்த வருடம் நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த ஏரியா சபையில் முதலமைச்சரே உட்கார்ந்தார்.

2023 ஜனவரி 26 அன்று நான் ஊரில் இருந்தேன். எங்கள் வார்டு ஏரியா சபைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது பதினெட்டுப் பேர், அதில் பாதி தூய்மைப் பணியாளர்களும் அலுவலக ஊழியர்களும். எங்கள் கவுன்சிலர் பெண். மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனபின் முதல் தடவை நின்று ஜெயித்தவர். போன் பண்ணினால் அவர் வீட்டுக்காரர்தான் எடுப்பார். அன்றைக்கு வீட்டுக்காரர் ஓரமாக நிற்க, அவரே நோட்டை வாங்கித் தன் கையால் எழுதினார். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, ரேஷன் கடைக்குப் போகிற வழியில் சாக்கடை மேல் ஸ்லாப் உடைந்து கிடக்கிறது, போன மாதம் தன் பேத்தி கால் உள்ளே போய்விட்டது என்றார். கவுன்சிலர் எந்த இடம் என்று இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டு, பாட்டியிடமே கையெழுத்து வாங்கினார். பாட்டி கைநாட்டு வைத்தார். ஏப்ரலில் அம்மா ஒரு படம் அனுப்பினார். புது ஸ்லாப். ஈரச் சிமெண்டில் யாரோ விரலால் தேதி போட்டிருந்தார்கள்.

பதினெட்டுப் பேர் என்றேன். நம் சங்கத்தில் பெயர் கொடுத்திருக்கிற குடும்பங்களின் அப்பா அம்மா, அண்ணன் தம்பிகள் மட்டும் வந்தாலே அந்த மரத்தடி நிறைந்திருக்கும். இந்த மன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிற கணக்கு. அதன் பிறகு யார் வந்தாலும், வராமலே போனாலும், தீர்மானமாக நோட்டில் ஏறிய வேலைக்கு ஒரு எண் இருக்கும். அதைக் காட்டிக் கேட்கலாம்.

இனிப் பணம். தகுந்த வழி நமக்கு நாமே திட்டம். 1997ல் வந்து, 2021ல் மறுபடி தொடங்கியது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பணம் நகராட்சிக் கணக்குக்குப் போகும், ரசீது வரும், கட்டியது நகராட்சிச் சொத்தாகும். 2014ல் நாம் விட்டதெல்லாம் இதில் தானாகவே அமைந்துவிடுகிறது. நேரம் கூடுதலாகும், உண்மைதான். ஒரு மாதத்தில் முடியும் என்று தம்பி சொன்னது இதில் நடக்காது.

நன்கொடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊர் அமைப்புக்கு அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அனுமதி பெற்ற அமைப்புகள் மட்டும்தான் வாங்கலாம். கட்சிகளுக்கு அதே சட்டத்தில் தடை இருக்கிறது. சிங்கப்பூரிலும் கனடாவிலும் குடியுரிமை எடுத்தவர்கள் நம்மில் நிறைய. எல்லோர் பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு ஒருவர் கணக்கில் அனுப்பும் பழைய பழக்கத்தை விட்டுவிடுவோம். ஊரில் வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார்.

கொடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் எத்தனை பூட்டிக் கிடக்கிறது? அதில் எத்தனைக்குச் சொத்து வரி பாக்கி? எங்கள் வீட்டுக்கே மூன்று அரையாண்டு பாக்கி இருந்ததைப் போன வருடம்தான் கவனித்துக் கட்டினேன். அப்பா இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார், அப்புறம் யாரும் நினைக்கவில்லை. இப்போது இணையத்திலேயே கட்டலாம். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. வரி கட்டாத தெருக்காரர் பூங்கா கட்டித் தருகிறேன் என்று போய் நின்றால், பொறியாளர் மேசையில் அந்தப் பட்டியலை எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

எனவே, சிங்கப்பூர் அண்ணனிடம் ஒரு விண்ணப்பம். பூங்காவைக் கைவிட வேண்டாம், கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் அந்த ஆர்.ஓ. நிலையம். அதை நகராட்சி ஏற்றுக்கொண்டு பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பிரதி தலைவருக்கு, ஆணையருக்கு, அந்த வார்டுக் கவுன்சிலருக்கு. கவுன்சிலர் எந்தக் கட்சி என்று வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. கடிதத்தோடு மெம்பிரேனுக்கும் மோட்டாருக்கும் விலைப்புள்ளி வாங்கி இணைக்க வேண்டும், அதை ஊரில் கடை வைத்திருக்கிற யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். பேனர்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவற்றுக்குரியவர்களிடம் நானே பேசுகிறேன், அவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. அதற்குள் ஊரில் அடுத்த ஏரியா சபைக்கு யார் வீட்டிலிருந்து யார் போவார்கள் என்று மட்டும் எழுதுங்கள், வார்டு எண்ணோடு. கொத்தனார் அண்ணன் இப்போது ஊரோடு வந்துவிட்டார். கேட்டேன், கடிதத்தை எடுத்துக்கொண்டு நகராட்சிக்கு நேரில் போக அவர் தயாராக இருக்கிறார்.

அன்புடன்,
தெற்குத் தெருத் தம்பி, மஸ்கட்